அந்தச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

தரங்கம்பாடி வீட்டில் காரை பெயர்ந்து விழுகிறது, மொத்தமாகக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

அந்த ஊரில் 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை, 1718-இன் புதிய எருசலேம் ஆலயம், 1792-இன் நகர வாயில் எல்லாம் சுண்ணாம்புக் கட்டுமானம்தான். உன் வீட்டுச் சுவரும் அதே வகை. நிலத்து ஈரத்தை உறிஞ்சும், உப்போடு சேர்த்து. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடுகிறது. உப்பு பூச்சில் பூத்து, பூச்சுதான் உதிர்கிறது. செங்கல் தப்பிக்கிறது. அந்தப் பூச்சு இருப்பதே அதற்காகத்தான். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரில் மேலே ஏறும். உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லை மாவாக்கும். பிறகு சிமெண்ட் பாளமாக விழும்போது செங்கல்லின் முகமும் கூடவே வரும்.

கெட்ட பூச்சைச் சிற்றுளியால் எடு, இயந்திரம் வேண்டாம். மூட்டுகளில் உளுத்த சாந்தை அரை அங்குலம் முதல் முக்கால் அங்குல ஆழம்வரை சுரண்டு. உப்பை முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி அப்புறப்படுத்து. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்ப உள்ளே போகும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் ஒரு பிடிகூடக் கலக்கக் கூடாது. கடுக்காய், பனைவெல்லம் ஊறிய நீரை அளவாகச் சேர்க்கலாம். வெல்லம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும்.

சுவரை நனைத்துவிட்டுப் பூசு. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தடிமனாக அப்பினால் வெடிக்கும். முதல் பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. கடற்காற்று மேற்பரப்பைச் சீக்கிரம் உலர்த்திவிடும், அதனால் ஒரு வாரமாவது ஈரச்சாக்கு தொங்கவிடு. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண், அதுவும் ஈரத்தை அடைக்கும்.

சுவரில் கைவைக்கும் முன் மாடித்தளத்தைப் பார். உத்திரக் கட்டைகளின் சுவருக்குள் போகும் முனைகள்தான் முதலில் உளுக்கும். ஆணியால் குத்திப் பார். எளிதாக இறங்கினால் அந்த முனையை வெட்டி நல்ல தேக்கால் ஒட்டுப்போடலாம், கட்டை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் கொட்டிவிடாதே, பாரம் தாங்காது. பெயர்ந்த தட்டோடுகளை எடுத்துச் சுண்ணாம்பில் மறுபடி பதித்தாலே பெரும்பாலும் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதையும் தொடாதே. சுண்ணாம்பை மட்டும் இப்போதே நீற்றித் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் ஊறப்போடு. நாள் ஆக ஆகக் குழைவு கூடும். தை பிறந்ததும் வேலையைத் தொடங்கலாம்.

அன்புடன்,
அண்ணன்