தண்ணீர் குடிக்காமல் திரும்பிய யானைகள்: ஏரி நடைப்பயணம் பற்றி ஒரு புகார்

தருமபுரி
24.04.2025

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஏப்ரல் 20 அன்று நடந்த அய்யூர் சாமி ஏரி நடைப்பயணம் தொடர்பான புகார்

ஐயா / அம்மா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்திய கோடைக்கால ஏரி நடைப்பயணத்துக்கு நானும் பத்து வயது மகளும் வந்திருந்தோம். ஆளுக்கு 2,400 ரூபாய், மொத்தம் 4,800 ரூபாய் கட்டினேன். பதினைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், காலை ஆறு மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் இருப்போம், காட்டு விலங்குகளையும் காட்டுப் பூக்களையும் அமைதியாகப் பார்க்கலாம் என்று உங்கள் விளம்பரத்தில் இருந்தது. அதை நம்பித்தான் பரீட்சை முடிந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

தருமபுரி பேருந்து நிலையத்தில் விடிகாலை மூன்றரைக்கே நின்றோம். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகப் போயிருந்தால் விடியும்போது தேன்கனிக்கோட்டையைத் தாண்டியிருக்கலாம். வண்டியோ கிருஷ்ணகிரியில் ஆள் ஏற்றி, அப்புறம் ஓசூருக்கும் போய் ஆள் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபது. இறங்கியவர்களை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று பேர். உடன் வந்த வழிகாட்டி ஒரே ஒருவர். கரைச் சேற்றில் பதிந்திருந்த யானைக் கால் தடங்களையும் ஈரம் காயாத சாணத்தையும் அவர் காட்டினார். "ஏழு மணி வரைக்கும் இங்கதான் நின்னுட்டுப் போயிருக்குக்கா" என்றார். சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் என் மகள் பார்த்திருப்பாள்.

பூக்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விளம்பரத்தின் முகப்பில் இருப்பது செங்காந்தள். அது தமிழ்நாட்டின் மாநிலப் பூ. மழை பெய்து கிழங்கு துளிர்த்த பிறகு பூக்கிற கொடி அது, காய்ந்து கிடக்கும் சித்திரைக் காட்டில் அதை எங்கே காட்டுவீர்கள்? உங்கள் ஒருங்கிணைப்பாளர் தம்பி கடைசியில் உண்ணிச்செடியைக் காட்டி, இதுதான் இந்த மலையின் காட்டுப் பூ என்று குழந்தைகளுக்குச் சொன்னார். ஆங்கிலேயர் காலத்தில் அழகுச் செடியாக வந்து, காட்டையே மூடிக்கொண்டு, விலங்குகளுக்கான புல்லை வளரவிடாமல் செய்கிற செடி அது. பக்கத்திலேயே சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவாரையும் பூத்திருந்தது. அவற்றை எங்களுக்குக் காட்டியது வழிகாட்டி அண்ணன்தான். அந்த அரை மணி நேரம் மட்டும் எங்களுக்கு நிறைவாக இருந்தது, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதை எல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிற்பகல் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்றரை மணிக்கு ஏரிக்கரையில் பெரிய ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டு விளையாட்டு ஆரம்பித்தார்கள். யானை தண்ணீருக்கு வருகிற நேரம், நிறுத்துங்கள் என்று வழிகாட்டி இரண்டு முறை சொன்னார். "பத்தே நிமிஷம்ணா" என்று பதில் வந்தது. நான்கு மணி சுமாருக்கு எதிர்க்கரை மூங்கில் புதர் அசைந்தது. மூன்று பெண் யானைகளும் அவற்றின் காலுக்கிடையில் ஒரு குட்டியும் வெளியே வந்தன. முன்னால் நின்றது தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. பாட்டை அப்போதும் யாரும் நிறுத்தவில்லை. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். குட்டி தண்ணீரை நோக்கி நாலடி வைத்தது, பெரியது அதை மறித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. "அம்மா, அதுங்க தண்ணி குடிக்காமலே போகுதே" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். என்னிடம் பதில் இல்லை.

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஓடைகள் வற்றிப்போகும் இந்த மாதங்களில் அவற்றுக்கு இருப்பது இதுபோன்ற ஏரிகள்தான். இந்த மலைகளில் 504 சதுர கிலோமீட்டரை 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்ததே இவற்றுக்காகத்தான். காட்டில் தண்ணீர் கிடைக்காத யானை ஊருக்குள் வரும். ராகி அறுவடைக் காலத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் தூங்காமல் காவல் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நீங்கள் விரட்டிய யானையை அன்று இரவு எதிர்கொண்டிருக்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று. காய்ந்த மூங்கில் சருகுக்குப் பக்கத்தில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு நிறுவனம் இப்படி நடந்துகொள்வது எனக்குப் பயமாக இருக்கிறது.

விளம்பரத்தில் சொன்னது கிடைக்காததால் 4,800 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். எத்தனை பேருக்கு வனத்துறை அனுமதி வாங்கினீர்கள் என்பதை அனுமதிக் கடிதத்தின் நகலோடு தெரிவியுங்கள். கோடைப் பயண விளம்பரத்திலிருந்து காந்தள் படத்தை எடுத்துவிடுங்கள். பணத்தைவிட எனக்கு முக்கியம் ஒன்று உண்டு: இனி எந்தப் பயணத்திலும் ஏரிக்கரைக்கு ஸ்பீக்கர் போகாது என்றும், காட்டுக்குள் வழிகாட்டி சொல்வதே முடிவு என்றும் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வனச்சரக அலுவலகத்துக்கும் இதன் நகல் போகும். பணம் கட்டிய ரசீது, உங்கள் விளம்பரத்தின் படம், ஸ்பீக்கரும் எதிர்க்கரை யானைகளும் ஒன்றாகத் தெரியும் இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து மகளுடன் வந்த பயணி