ரயில் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினத்தில் நம் காட்சியகத்தின் ரயில் கூடம் முடிந்துவிட்டது. ஓடு மாற்றி, மின்கம்பி புதிதாக இழுத்து, வெள்ளையடித்தாயிற்று. அதிலெல்லாம் யாருக்கும் குறையில்லை.

குறையெல்லாம் முற்றத்துத் தண்டவாளத்தைப் பற்றித்தான். போட்டதைப் பெயர்த்துவிட்டு மறுபடி போட்டது உண்மை. மதிப்பீட்டுக்கு மேல் 84,000 ரூபாய் ஆனதும் உண்மை. காரணத்தையும் கேளுங்கள்.

ஒப்பந்தக்காரர் மீட்டர் அளவில், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டுப் போட்டிருந்தார். நம்மில் பலர் பார்த்து வளர்ந்த பாதை அதுதான் என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் 1861-ல் இங்கிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டு திருச்சிக்கும் போன ரயில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையில் ஓடியது. 1875-ல்தான் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். ‘முதல் ரயில்’ என்று பலகை மாட்டி, அதன் கீழே பிந்தைய பாதையைக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகள் தப்பாகத்தானே தெரிந்துகொண்டு போவார்கள்? வரைபடத்தில் அளவு எழுதாதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம். ஒப்பந்தக்காரர் முழுக் கூலியும் கேட்டார். மூன்று கூட்டம் பேசியபின் பெயர்த்த கூலியில் பாதியை அவரே ஏற்றுக்கொண்டார். இப்போது அகலப்பாதைக்குள் மூன்றாவது தண்டவாளம் வைத்து, மீட்டர் அளவும் தெரியும்படி செய்திருக்கிறோம். அது வீண்செலவு இல்லை.

அப்புறம், இந்த ஊரில் இருந்த ரயில் பட்டறை மூடிய கதைக்குக் கூடத்தில் அரைச்சுவர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். டெல்டா நெல் துறைமுகத்துக்கு வந்ததும், மலேயாவுக்குக் கப்பலேறிய கூலி ஆட்கள் வந்திறங்கியதும் இந்த ரயிலில்தான். வந்ததைச் சொன்னால் போனதையும் சொல்ல வேண்டாமா? பட்டறை திருச்சி பொன்மலைக்குப் போனது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் நடந்தது, தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். இந்த ஊர் சோர்ந்துபோனதில் அதற்கும் பங்குண்டு.

ஸ்லீப்பர் கட்டை கொடுத்த மரக்கடைக்காரர், கைவிளக்கும் பச்சைக்கொடியும் தந்த ஓய்வுபெற்ற கார்டு, வெளிப்பாளையம் ஆசிரியைகள், நாகூர் வியாபாரிகள், அக்கரைப்பேட்டை மீனவர்கள், நூறு ரூபாய் கொடுத்த மாணவர்கள் என எல்லார் பெயரும் முகப்புக் கல்வெட்டில் உள்ளது. ரசீதுகளை அலுவலகத்தில் எப்போதும் பார்க்கலாம்.

பட்டறைத் தொழிலாளர்களின் படம் மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதற்கென்று செய்த படச்சட்டம் காலியாகத் தொங்குகிறது. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்து வாருங்கள், நகலெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

— திருப்பணிக் குழு