சாவி வாங்கும் முன் குளத்தைச் சோதியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது வசதிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நீச்சல் குளத்துக்கு மாதாமாதம் ஆகும் செலவை யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று விளக்கமாக எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பில்டர் கட்டி முடித்துக் கொடுக்கும் குளம் சரியாக இருக்கிறதா என்று குடியிருப்போர் சங்கம் எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர்த் தொட்டி கட்டியே தலை நரைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வீட்டுச் சாவி வாங்கும்போது நம்மவர்கள் கில்லாடிகள். டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள், எல்லாக் குழாயையும் திறந்து பார்ப்பார்கள், கதவு உரசினால் தச்சரை வரவழைக்காமல் விடமாட்டார்கள். அதே ஆட்கள் நீலத் தண்ணீரைப் பார்த்ததும் செல்ஃபி எடுத்துக்கொண்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மண்ணுக்குள் புதைத்த கான்கிரீட் தொட்டி, அதில் மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம், நடுவே நம் பிள்ளைகள். குளம் என்பது இதுதான்.

முதலில் கசிவு. எங்கள் குடியிருப்பின் புதுக் குளத்தில் நீர்மட்டம் தினமும் இறங்கிக்கொண்டே இருந்தது. கேட்டால், "வெயில் சார், ஆவியாகுது" என்றார் சைட் இன்ஜினியர். ஆவியாகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சென்னைக் கோடையிலும் அது ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். குளத்துத் தண்ணீரையே வாளியில் நிரப்பி, அது மிதந்துவிடாமல் ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் படியில் வைக்க வேண்டும். வாளிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தையும், வெளியே குளத்தின் மட்டத்தையும் வாளியிலேயே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான். குளத்து மட்டம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் குளத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் வாளியில், உள்ளே இருந்ததைவிட வெளியேதான் தண்ணீர் கோட்டுக்குக் கீழே அதிகம் இறங்கியிருந்தது. சைட் இன்ஜினியர் அப்புறம் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் ஊற்றாமல் மேலும் சில நாள் விட்டதில், நீருக்கடி விளக்குகளுக்கு நேராக மட்டம் வந்து, அதோடு இறங்குவது நின்றுவிட்டது. கசிகிற குளம் தன் ஓட்டையைத் தானே இப்படிக் காட்டிக்கொடுக்கும். விளக்குக் குழிக்குப் பின்னால் வயர் போகும் பைப்பைச் சுற்றி அடைக்கவே இல்லை. தண்ணீர் அந்த பைப் வழியாகவே ஜங்ஷன் பாக்ஸ் வரை போயிருந்தது. மூடியைக் கழற்றியபோது, டேப் சுற்றிய வயர் இணைப்புகள் ஈரத்தில் பச்சை பூத்துக் கிடந்தன.

ஆகவே கசிவுச் சோதனையும் மின்சாரச் சோதனையும் தனித்தனி அல்ல. 2023 டிசம்பர் கடைசியில் பெங்களூரு வர்த்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒரு சிறுமி இறந்தாள். மின்சாரம் பாய்ந்து இறந்தாள் என்று போலீஸ் வழக்கை நடத்தியது. 2024 பிப்ரவரியில் கைதானவர்களில் குடியிருப்போர் சங்கத் தலைவரும் ஒருவர். வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும், குளத்தை ஏற்றுக்கொள்ளும் சங்கத்தின் தலைக்கு என்ன வரும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில் எரிய வேண்டும். அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் குளத்தைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். விளக்கு, மோட்டார் இரண்டின் லைனிலும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் கண் முன்னால் அமுக்கச் சொல்லுங்கள். டப்பென்று விழ வேண்டும். ஏணி, கைப்பிடி போன்ற இரும்பு, ஸ்டீல் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேர்த்திருக்கிறார்களா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து, எழுத்தில் வாங்குங்கள். பில்டரின் எலக்ட்ரீஷியன் வேண்டாம், உங்கள் ஆள்.

குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் மெயின் டிரெயினைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை. அமெரிக்காவில் 2002இல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, ஒரு வெந்நீர்த் தொட்டியில் இப்படிப்பட்ட அடிவாயின் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். தாயால் அவளை மீட்க முடியவில்லை. கடைசியில் இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்ததில் டிரெயின் மூடியே உடைந்தது. அவள் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. அதன்பின் பொதுக் குளங்களில் பழைய மூடிகள் போய், தலைமுடியோ உடம்போ சிக்கிக்கொள்ளாதபடி வடிவமைத்த மூடிகள் கட்டாயமாகின. ஒரே பம்ப்புக்கு ஒரே அடிவாய் இருக்கக் கூடாது. குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு வேண்டும். ஒன்றை உடம்பு அடைத்தாலும் பம்ப் மற்றொன்றில் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே இதை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு மூடியிலும் எல்லா ஸ்க்ரூவும் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நிரப்பிய பிறகும் கரையில் நின்றால் அந்த மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலை, வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நிலத்தடி நீர் மேலே இருக்கும் மழைக்காலத்தில், சுத்தம் செய்கிறேன் என்று குளத்தைக் காலி செய்தால் தொட்டியே தூக்கிக்கொள்ளும். அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் நிலத்தடி நீர் நின்றால், நான் மேலே சொன்ன அளவுள்ள குளத்தைக் கீழிருந்து 50 டன் தள்ளும். இதற்குக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்களா, அடியில் நீரழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைத்திருக்கிறார்களா என்று வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடம் இல்லை என்று சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மற்றவை எல்லாம் கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆழம் எழுதியிருக்கிறதா, கரை டைல்ஸ் ஈரத்தில் வழுக்குகிறதா, எட்டிக் குதிக்க முடியாத வேலி இருக்கிறதா. வேலிக்கு ஆஸ்திரேலியாவில் குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கேட் தானாகவே மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி. இங்கே குரோட்டன்ஸ் செடி வைத்து அதை வேலி என்கிறார்கள்! குளத்தின் மோட்டாரும் ரசாயனங்களும் இருக்கும் பிளான்ட் ரூமையும் திறந்து பாருங்கள். குளோரினும் ஆசிடும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

சரி, குறை இருந்தால் யாரிடம் போவது? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை, தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். ஆனால் "எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று சங்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், பிறகு பில்டர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். எங்கள் சங்கம் நீச்சல் குளத்தை மட்டும் ஒப்படைப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டது. விளக்குக் குழிகளை உடைத்து அடைத்து, வயரிங்கையும் மாற்றி, மறுபடி வாளி வைத்துப் பார்த்த பிறகுதான் குளம் எங்கள் கைக்கு வந்தது. பில்டர் ஆட்களுக்கு எங்கள்மேல் கோபம்தான், இருக்கட்டும்.

இதை ஒவ்வொரு சங்கமும் சண்டை போட்டுச் சாதிக்க வேண்டியிருப்பதுதான் கோளாறு. கட்டடப் பணி நிறைவுச் சான்று கொடுக்கும் அதிகாரிகள், குளம் உள்ள குடியிருப்புகளுக்குக் கசிவு, மின்சாரம், அடிவாய் ஆகிய மூன்றின் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் குளத்தின் வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டவும் உத்தரவிட வேண்டும். தங்கள் நிருபர்கள் துறை அதிகாரிகளைச் சந்தித்து இதுபற்றிக் கேட்டு வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.