கோவிந்தனுக்குக் கூத்துக் களரி தந்த எல்லாருக்கும்

அன்பான ஊரவர்க்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

தோட்டத் தொழிலாளி முல்லோயா கோவிந்தனின் கதையை எங்கள் பிள்ளைகள் இசைக்கூத்தாக ஆடி முடித்துவிட்டார்கள். மட்டக்களப்பு களுதாவளையில் ஜனவரி 10 இரவு வந்திருந்து பார்த்த அத்தனை பேருக்கும் முதலில் நன்றி. அந்த நாளைத் தேடித்தான் எடுத்தோம். மலைநாட்டில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்தில், நாட்கூலியில் 16 சதம் கூட்டிக் கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டு கோவிந்தன் விழுந்தது 1940 ஜனவரி 10.

அடுத்த நன்றி கூத்தைப் பழக்கிய எங்கள் அண்ணாவியாருக்கு. வடமோடிக் கூத்தில் ராசாக்களும் வீரர்களும் களரிக்குள் வரும்போது பாடும் வரவைப் பாடிப் பழகியவர் அவர். கொழுந்துக் கூடையோடு வருகிறவனுக்கு எந்தத் தாளக்கட்டு என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டோம். "வீரனுக்கு உள்ள வரவுதான் மனே, குறைக்கப்படாது" என்றார். கோவிந்தன் களரிக்குள் வந்தபோது மத்தளம் முழங்கிய முழக்கம் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. எங்களுக்கு இந்தக் கூத்தே அதுதான்.

பதுளைப் பக்கத்திலிருந்து பல வருடத்துக்கு முன் இங்கு வந்து குடியேறிய பாட்டி ஒருவர் இல்லையென்றால் பெண்பிள்ளைகளின் ஆட்டம் வெறும் அபிநயமாகவே போயிருக்கும். பிள்ளைகள் ஒற்றைக் கையால் பூப்பறிப்பது போல ஆடினார்கள். பாட்டி எழும்பி வந்து கூடைக் கயிற்றை உச்சந்தலையில் சரியாக இருத்தி, இரண்டு கையாலும் கிள்ளி, கை நிறைந்ததும் திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிந்து காட்டினார். அதைப் பார்த்து அண்ணாவியார் சல்லரி என்ற கைத்தாளம் போடுபவரிடம் தாளத்தை மாற்றச் சொன்னார். நீங்கள் கைதட்டிய கொழுந்தாட்டம் பிறந்தது அப்படித்தான்.

மலையகத்து ஹற்றனிலிருந்து தப்பு மேளத்தோடு வந்த தம்பிமாரே, மகியங்கனைப் பாதையில் இரவிரவாகப் பஸ்ஸில் வந்து, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு நேரே ஒத்திகைக்கு நின்றீர்கள். மத்தளமும் தப்பும் ஒரே களரியில் சேர்ந்து ஒலித்ததை இனி எப்போது கேட்போமோ!

விசாரணைக் காட்சியை எழுத உதவிய ஆசிரியருக்கும் நன்றி. அந்தச் சூட்டை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக, இடதுசாரித் தலைவரும் சட்டத்தரணியுமான கொல்வின் ஆர். டி சில்வா வாதாடிய கதையை எங்கள் பிள்ளைகள் பலர் ஆசிரியர் சொல்லித்தான் அறிந்தார்கள். சிங்களத்தில் பேசிய மகனும் அதற்காகவே பழகி, பிழையில்லாமல் பேசினான்.

அப்புறம் மழை. மாரி நாளில் கூத்து வைத்தால் அது வரத்தானே செய்யும்! நெல் மூட வைத்திருந்த படங்குகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்த போடியாரும், நனைந்துகொண்டே மூங்கில் நட்ட இளைஞர்களும் இல்லாவிட்டால் அன்றைக்கு மத்தளத்தின் தோல் தாங்கியிருக்காது. பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்த அம்மாமார், உடுப்புத் தைத்த அக்கா, கூலி வாங்காத ஒலிபெருக்கிக்காரர், பிந்திய இரவுகளில் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட்ட ஆட்டோ அண்ணன்மார், எல்லாருக்கும் நன்றி. பரீட்சை வருகிறது என்று தெரிந்தும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இந்தக் கூத்தை ஹேவாஹெட்டையில், அந்தத் தோட்டத்துச் சனத்துக்கு முன்னால் ஒருதரமாவது ஆடிக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் ஆள் அறிமுகம் உள்ளவர்கள் தயவுசெய்து அண்ணாவியாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படங்குகளைக் காயவைத்து மடித்து கோயில் மடத்தில் வைத்திருக்கிறோம்.