கண் சிகிச்சை முகாமுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு எங்கள் அரிமா (லயன்ஸ்) சங்கத்தின் நன்றி மடல்

பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

ஆவணியில் நாங்கள் நடத்திய இலவசக் கண் சிகிச்சை முகாமில் தேர்வாகி, மதுரைக்குச் சென்று கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவர்களுக்கான மறுபரிசோதனை, சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளிக்கூடத்தில் நடந்து முடிந்தது. முகாம் முடிந்த மறுநாளே இந்த மடலை எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் அன்போடு சுட்டிக்காட்டினார்கள். ஆனால் அறுவை செய்த கண்ணுக்கு ஒரு மாதம் கழித்துப் பார்வை எப்படி இருக்கிறது என்று தெரியாமல், வேலை முடிந்தது என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. இப்போது எழுதலாம்.

முதல் நன்றி, முகாம் செலவுக்காக ஆடி மாதத்தில் நாங்கள் வைத்த மொய் விருந்துக்கு வந்தவர்களுக்கு. நம் பகுதியில் மொய் விருந்து என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறோம்: இங்கே மொய் என்பது இனாம் கிடையாது. செய்த மொய்யை, செய்தவர் வீட்டு விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வது முறை, அதனால்தான் மொய் நோட்டைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, திருப்பிச் செய்ய வழியில்லாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வடு இன்னும் ஆறாத ஊர்களில், சங்கத்தின் பெயரால் பந்தல் போட்டு, திரும்ப வராத மொய்யைக் கேட்பது சரியா என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு முறை விவாதித்தோம். கடைசியில், கறிச்சோறு போடுவது, தொகை எவ்வளவு என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல் இருப்பது என்று முடிவுசெய்து அழைப்பிதழ் அச்சடித்தோம்.

எங்கள் தயக்கம் வீண் என்று அன்று காலை பத்து மணிக்கெல்லாம் தெரிந்துவிட்டது. புயலில் தோப்பு முழுவதையும் இழந்து, வைத்த கன்று இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கும் விவசாயிகள் வரிசையில் நின்று மொய் எழுதினார்கள். பூக்கட்டும் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து வந்து, குழுவின் பெயரில் ஒரே தொகையாக எழுதச் சொன்னார்கள். இலை போட்டவர்கள், ஆட்டுக்கறியைக் கொள்முதல் விலைக்கே கொடுத்தவர், இரண்டு நாள் கூலி வாங்க மறுத்த சமையல்காரரும் அவருடைய ஆட்களும், மண்டபத்து வாடகையில் பாதியைத் திருப்பித் தந்த உரிமையாளர், மாலை வரை தலை நிமிராமல் நோட்டில் எழுதிய மூன்று ஆசிரியர்கள் ஆகிய அனைவருக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. வரவு செலவுக் கணக்கு சங்க அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. எவரும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

அந்த நோட்டில் பணம் மட்டும்தான் ஏறியிருக்கிறது. அதில் ஏறாத உதவிகளைப் பதிவு செய்வதற்காகவே இந்த மடல்.

முகாம் அன்று கண்ணைச் சோதிப்பது ஒப்பீட்டில் எளிய வேலை. பெயர்ப் பதிவு, ஆறு மீட்டர் தொலைவில் நிறுத்திப் பார்வை பார்ப்பது, கண்ணின் அழுத்தம், கண்ணீர்ப்பை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் மருத்துவர் என்று ஒவ்வொரு மேசையாக நகர்த்திக் கொண்டுபோக மருத்துவமனைக் குழுவினருக்குத் தெரியும். பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முதியவர்களின் கையைப் பிடித்து மேசைக்கு மேசை அழைத்துச் சென்ற பொறுமையைப் பார்த்த மருத்துவர் ஒருவர், அவர்களைத் தனியாக அழைத்துப் பாராட்டினார். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புரை இருக்கிறது, இன்றே பேருந்தில் ஏற வேண்டும் என்று சொன்னதும், அதுவரை உற்சாகமாக இருந்தவர்களின் முகம் மாறிவிட்டது. "இன்னும் முத்தட்டும், பெறகு பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். "மாட்டை யாரு புடிச்சுக் கட்டுறது?" என்றார் இன்னொருவர். தன் அப்பத்தாவுக்கு அந்தக் காலத்தில் அறுவை செய்து சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்டதை நினைத்து அழுத தாயார் ஒருவரும் உண்டு.

அவர்களிடம் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பேசிய பேச்சை நாங்கள் பேசியிருக்க முடியாது. புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும், விட்டுவிட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போகக்கூடும் என்பதையும், இப்போது கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துவிடுவதால் தடித்த கண்ணாடி தேவைப்படாது என்பதையும் அவர்கள் முன்பே செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் ஏற்பாடு செய்து, மருமகளிடம் பேசி, மாற்றுத்துணி எடுத்து வந்து பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். தனியாகப் போக அஞ்சிய அந்தத் தாயாருடன் குழுத் தலைவியே மதுரைக்குப் புறப்பட்டுவிட்டார். இந்த முகாம் யாருடையது என்று கேட்டால், எங்கள் சங்கத்துக்கு முன்பாக இந்தப் பெண்களின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

இலவச முகாம் என்றால் தரம் குறைவாக இருக்கும் என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும், கிராமத்து முகாமிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணமில்லாமல் அறுவை செய்யும் முறையை அவர் வளர்த்தெடுத்ததும் அந்த எண்ணத்துக்குத் தக்க மறுமொழி. அரிமா இயக்கத்துக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு அதற்கும் பழையது. 1917இல் மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் தொடங்கிய இயக்கத்தினரிடம், 1925ஆம் ஆண்டு மாநாட்டில் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளைத்தான் எங்களைப் போன்ற சிற்றூர்ச் சங்கங்களும் இன்றுவரை தொடர்ந்து நிறைவேற்றி வருகின்றன.

சங்கச் செய்திகளில், ஜூலை முதல் தேதி புதிய பொறுப்பாளர்கள் பதவியேற்றதையும், தேங்காய் வணிகர் ஒருவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும் புதிய உறுப்பினர்களாகச் சேர்ந்ததையும் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்.

மற்றொரு செய்தியை எழுதக் கை தயங்குகிறது. பல்லாண்டுகள் எங்கள் பொருளாளராக இருந்து, ஒரு ரூபாய்க்கும் ரசீது கேட்ட மூத்த உறுப்பினர், முகாமுக்கு எட்டு நாள் முன்பு காலமானார். நள்ளிரவு கடந்த நேரம். அழுதுகொண்டிருந்த வீட்டில் அவருடைய மகள்தான் முதலில் எழுந்து மின்விசிறியை நிறுத்தி, அப்பாவின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலையணையை உயர்த்திவிட்டு எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களைத் தானமாக எடுத்தாக வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர் அந்தப் பெரியவர். தன் வீட்டிலும் அதைச் சொல்லியே வைத்திருந்தார். விடிவதற்குள் கண் வங்கிக் குழுவினர் வந்து கருவிழிகளைப் பெற்றுச் சென்றனர். உறவினர் சிலருக்கு அதில் உடன்பாடு இல்லாதபோதும் உறுதியாக நின்ற அந்த மகளுக்கும் அவருடைய தாயாருக்கும் நன்றி சொல்ல எங்களிடம் போதிய சொற்கள் இல்லை. அந்தப் பெரியவர் எழுதி வைத்துவிட்டுப் போன முகாம் செலவுத் திட்டத்தை ஒரு வரிகூட மாற்றாமல்தான் செலவு செய்தோம்.

நான்கு மணி நேரப் பயணத்தில் முதியவர்களுக்காக வழியெங்கும் வண்டியை நிறுத்திக் கொடுத்த ஓட்டுநர்களுக்கும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் அறிவித்த இளைஞர்களுக்கும், பள்ளியைத் திறந்துவிட்டு மறுநாள் காலைக்குள் கூட்டிப் பெருக்கியும் கொடுத்த பணியாளர்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்ததால் அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மனம் தளர வேண்டாம். அவர்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கித் தவறாமல் சாப்பிட்டுக் கட்டுக்குள் கொண்டுவந்தால், ஐப்பசியில் அனுப்பும் வண்டியில் அவர்களுக்கே முதலிடம். மறுபரிசோதனைக்கு வராதவர்களின் வீடுகளுக்கு இந்த வாரம் நேரில் வருகிறோம். சொட்டு மருந்துப் புட்டியையும் மருத்துவமனைச் சீட்டையும் எடுத்து வையுங்கள். உதவிய யாருடைய பங்கையாவது இங்கே குறிப்பிடத் தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். மொய் நோட்டின் பின்பக்கங்கள் காலியாக உள்ளன. தெரிவித்தால் அதில் எழுதிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
செயலர்,
சங்க உறுப்பினர்கள் அனைவரின் சார்பாக