ஸ்டக்கோ போட முன்னர்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பனி கரையத் தொடங்கினால், வீட்டின் வெளிச்சுவருக்கு ஸ்டக்கோப் பூச்சுப் போடக் கேட்டு எங்கள் தொலைபேசியும் அடிக்கத் தொடங்கிவிடும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று எங்கிருந்து அழைத்தாலும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "சதுர அடிக்கு எவ்வளவு?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. சுவருக்குள் தண்ணீர் போய்விட்டால், அது எந்த வழியால் வெளியே வரும்? எங்களிடமும் கேளுங்கள், எங்களுக்குப் போட்டியாக விலை தருபவரிடமும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிறவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறோம். ரொறன்ரோப் பக்கத்தில் ஸ்டக்கோ என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கம்பி வலை அடித்து மூன்று தடவை சீமெந்துக் கலவை பூசுவது. ஊரில் பார்த்த பூச்சு வேலைக்கு அது தூரத்து உறவு. குளிரை மறிக்கும் சக்தி அதற்குப் பெரிதாகக் கிடையாது. மற்றது, சுவரின்மேல் ஃபோம் பலகை ஒட்டி, அதன்மேல் கண்ணாடியிழை வலையும் பூச்சும் போடுவது. தொழிலில் இதை ஈஃப்ஸ் என்போம். நீங்கள் "ஸ்டக்கோ" என்று கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னான ஜெர்மனியில், 1950களில் பிறந்தது. அங்கே அதை ஒட்டியது கல், செங்கல் சுவர்களில். 1960களின் கடைசியில் வட அமெரிக்காவுக்கு வந்தபோது அதே பொருளை மரச் சட்டத்தில் கட்டிய வீடுகளில் ஒட்டினார்கள். செங்கல் கொஞ்சம் நனைந்தாலும் காய்ந்துவிடும், மரம் அப்படியல்ல. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வட கரோலைனாவின் வில்மிங்டன் நகரில் வீடு வீடாகச் சுவரைத் திறந்து பார்த்தால், வெளியே அழகான பூச்சு, உள்ளே உக்கிப்போன பலகை. யன்னல் ஓரத்தால் இறங்கிய தண்ணீர் ஃபோமுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வர வழியில்லாமல் கிடந்திருக்கிறது. "ஸ்டக்கோ வீடு வாங்காதே" என்று இன்றைக்கும் யாராவது உங்களுக்குப் புத்தி சொன்னால், அந்தப் பேச்சின் வேர் அங்கேதான்.

இப்போது நாங்கள் செய்வது அந்தப் பழைய முறை அல்ல. முதலில் சுவர்ப் பலகைமேல் தண்ணீர் தடுப்புப் பூச்சு. அதன்மேல் பசையைப் பல் வைத்த கரண்டியால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்து ஃபோமை ஒட்டுவோம். கோடுகளுக்கு இடையில் உள்ள வெளிதான் தண்ணீர் இறங்கும் வாய்க்கால். அடியில் இருக்கும் தகட்டால் அது வெளியே சொட்டும். பசை ஒரு நாள் பிடித்த பிறகு ஃபோமைத் தேய்த்து மட்டமாக்கி, வலை பதித்த அடிப்பூச்சு, கடைசியில் நிறப்பூச்சு. எல்லாம் முடிந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் பூச்சு மட்டுமே. விலை குறைக்கிறவர் எங்கே குறைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டைப் பார்க்க வெயில் நாளில் கூப்பிடாமல், முடிந்தால் மழை நாளில் கூப்பிடுங்கள். குடையோடு வருவோம். கூரைப் பீலி எங்கே நிரம்பி வழிகிறது, யன்னலின் கீழ் மூலையில் கறை இருக்கிறதா, டெக் சுவரில் பொருந்தும் இடத்தில் ஈரம் நிற்கிறதா, இதையெல்லாம் மழை பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். மிக முக்கியமான இடம் ஒன்று உண்டு: கராஜ் கூரையின் ஓரம் வீட்டுச் சுவரில் வந்து முட்டி முடியும் மூலை. அங்கே தண்ணீரைச் சுவரிலிருந்து பீலிக்குள் தள்ளிவிட ஒரு சிறிய வளைந்த தகடு வேண்டும். உள்ளங்கை அளவுத் தகடு. அது இல்லாத வீடுகள் ஏராளம், உக்கிய சுவர்களைத் திறக்கும்போது நாங்கள் அடிக்கடி காண்பதும் அந்த மூலையில்தான்.

அடுத்தது வேலைகளின் வரிசை. யன்னல், கதவு மாற்றும் எண்ணம் இருந்தால் அது முதலில். கூரை வேலை இருந்தால் அதுவும் முன்னால். ஒரு வாடிக்கையாளர் "யன்னல் அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார். நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டோம். அடுத்த வருடம் யன்னல்காரர்கள் வந்து, புதுப் பூச்சைச் சுற்றிவர அறுத்தார்கள். ஒட்டுப் போட்டுக் கொடுத்தோம், ஆனால் மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால் ஒட்டு தெரியத்தான் செய்யும். இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை.

ஃபோம் இரண்டு அங்குலம் என்றால் சுவரும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வெளியே வரும். கேட்கச் சிறிய விடயம்போல இருக்கும். ஆனால் தாவாரம் அந்த அளவுக்குக் குறுகும், பீலிக் குழாய்களைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், உடுப்பு ட்ரையரின் காற்று வாய், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் நீட்ட வேண்டும். ஃபர்னஸ் குழாய்களை எந்தக் காரணத்துக்காகவும் மூடக்கூடாது. வேலை நடக்கும்போது பிளாஸ்டிக் தாள்கூட அதன்மேல் விழக்கூடாது. எரிவாயு மீற்றரையும் மின்சார மீற்றரையும் நாங்கள் தொடமாட்டோம். அசைக்க வேண்டுமானால் அந்தந்த நிறுவனத்துக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரலாம்.

சுவரில் பிறகு எதை மாட்டப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே சொல்லுங்கள். கமெரா, வீட்டு இலக்கம், வெளி விளக்கு, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும் கொக்கி, எதுவானாலும். ஃபோமில் அடித்த ஆணி பாரம் தாங்காது, தண்ணீருக்கு ஓட்டையும் ஆகிவிடும். முன்னரே சொன்னால் அந்த இடத்தில் உள்ளே கட்டை வைத்துவிடுவோம்.

செங்கல் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கலுக்கு யாராவது பெயின்ட் அடித்திருந்தால் பசை செங்கலைப் பிடிக்காது, பெயின்டைத்தான் பிடிக்கும். பெயின்ட் உரிந்தால் எல்லாமே உரியும். சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். செங்கல் வரிசையின் அடியில் சிறு துவாரங்கள் இருந்தால் எறும்பு வருகிறது என்று சீமெந்தால் அடைத்துவிடாதீர்கள். அவை ஈரம் வெளியேறும் வாசல்கள்.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவைப் பற்றியும் கேட்பீர்கள். சூடு வெளியே போவதை ஒரு பொருள் எவ்வளவு மறிக்கும் என்பதை ஆர் என்ற அளவால் சொல்வார்கள், எண் கூடினால் நல்லது. இந்த ஃபோம் ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர் 4 தரும். இரண்டு அங்குலம் என்றால் ஆர் 8 அளவில். மரச் சட்டங்களுக்கு இடையில் திணிக்கும் பஞ்சைவிட இதில் ஒரு நன்மை, சட்டத்தையும் சேர்த்துப் போர்த்துவதால் மரத்தின் வழியே சூடு கசிவதும் குறையும். 1950களிலும் 60களிலும் கட்டிய பங்களாக்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் கூரைக்குக் கீழே உள்ள உங்கள் அட்டிக்கில் பஞ்சு மெல்லிசாகக் கிடந்தால் முதலில் அதற்குச் செலவழியுங்கள். அது எங்கள் தொழில் அல்ல, அதில் எங்களுக்கு ஒரு சதமும் வராது.

பருவம் பற்றி எங்கள் சொந்தக் கதை ஒன்று. தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு வீட்டுக்காரர் குடிபுகுதலுக்கு நாள் பார்த்துவிட்டார், ஒக்டோபர் கடைசிக்குள் முடித்துத் தரச் சொன்னார். பகலில் நல்ல வெயில், பூசினோம். இரவில் உறைபனி. அடுத்த வசந்தத்தில் வடக்குச் சுவரின் பூச்சு கையோடு மாவாக வந்தது. எங்கள் செலவில் முழுச் சுவரையும் திரும்பப் பூசினோம். இந்தப் பூச்சுகளுக்கு 4 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும், பூசும் நேரத்தில் மட்டுமல்ல, பூசி ஒரு நாளாவது. கூடாரம் கட்டிச் சூடேற்றிச் செய்யலாம், ஆனால் காசு கூடும். ஆகவே மே முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான் எங்கள் காலம். நல்ல நாள் பார்ப்பவர்கள் அதற்குள் பாருங்கள்.

நிறத்தில் கருஞ்சாம்பல் இப்போது மோஸ்தர். மிகக் கடும் நிறம் தெற்கு, மேற்குச் சுவர்களில் கோடை வெயிலைக் குடித்துச் சூடாகும். சுமார் 70 பாகைக்கு மேல் ஃபோம் இளகத் தொடங்கும். நிற அட்டையில் ஒளி திருப்பும் மதிப்பு என்று ஒரு எண் இருக்கும், நிறம் கடுமையாக அது குறையும். 20க்குக் கீழே போகாதீர்கள். பிள்ளைகள் பந்தடிக்கும் பக்கத்துக்கு, தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை தடித்த வலை போடச் சொல்லுங்கள். மரங்கொத்திக்கு மட்டும் எங்களிடம் முழு மருந்து இல்லை. ஃபோம் சுவரைத் தட்டினால் வரும் பொள்ளல் ஓசை அதற்குப் பிடித்துப்போகிறது. ஓட்டையைக் கண்டவுடன் சொல்லுங்கள், அடைத்துத் தருவோம்.

மண்ணும் பூச்சும் தொடக்கூடாது. 8 அங்குலமாவது இடைவெளி வேண்டும். பூப்பாத்தியில் மண் ஏற்றி வைத்திருப்பவர்கள் நாங்கள் வருமுன்னர் இறக்கி வையுங்கள், சுவரோடு நிற்கும் செடிகளை வெட்டியோ கட்டியோ விடுங்கள்.

கடதாசி வேலை. உங்கள் நகரசபையின் கட்டட அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வளவு எல்லைக்கு மிக நெருக்கமான சுவர் என்றால் தீப் பாதுகாப்பு விதிகள் வேறு. ஒப்பந்தக்காரரிடம் டபிள்யூ.எஸ்.ஐ.பி. (ஒன்ராறியோவின் வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபை) சான்றும் காப்புறுதிக் கடதாசியும் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் கேட்டாலும் கோபிக்க மாட்டோம். உங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே நீங்கள் கைவிடலாம் என்பது ஒன்ராறியோச் சட்டம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக எதையும் ஒப்புக்கொள்ளாதவரை, அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. ஃபோமின் தடிப்பு, வலையின் வகை, தண்ணீர் தடுப்புப் பூச்சின் பெயர், எச்.எஸ்.டி. விற்பனை வரி சேர்ந்ததா இல்லையா, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

வேலை நாட்களில் யன்னல்களை மூடிக் கட்டுவோம், வீடு இருட்டாக இருக்கும். ஃபோம் தேய்க்கும் நாளில் வெள்ளை மணிகள் பக்கத்து வீட்டுப் புல்வரை பறக்கும். வலை கட்டுவோம், கூட்டியும் அள்ளுவோம், என்றாலும் அயலவருக்கு ஒரு வார்த்தை முதலே சொல்லி வையுங்கள். வாகனத்தைத் தெருவில் விடுங்கள். வேலைக்குக் கட்டிய சாரத்தில் பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களை அழைக்கும்போது வீட்டின் நான்கு பக்கப் படங்கள், கட்டிய ஆண்டு, யன்னல் மாற்றும் திட்டம், இந்த மூன்றும் கையில் இருந்தால் கதைப்பது சுலபம். மே, ஜூன் வாரங்கள் விரைவில் நிரம்பிவிடும். அடுத்த மழைக்கு வீட்டில் நிற்பீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அன்றைக்கே வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டக்கோ வேலைக்காரர்கள்