ஆண்டறிக்கை 2024–25: எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளுக்காக வந்திருக்கும் பாட்டி தாத்தாக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில் உள்ள நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் பெற்றோர், முன்னாள் மாணவர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தது, குடிநீர்க் குழாய் மாற்றியது, ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டது எல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தவை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேசப்போவது பெரும்பாலும் ஒரே வேலையைப் பற்றி. எட்டு முடித்த பிள்ளைகளை ஒன்பதில் உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களை எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது.

கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். நம் பள்ளியும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றுபோவதால், அதற்கு மேல் பிள்ளை போனானா, போகவில்லையா என்று கேட்க ஆள் குறைகிறது. நம் ஊரில் பாதி வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டியிடம். மே மாத விடுமுறையில் பையன் அப்பாவைப் பார்க்கப் போகிறான். அங்கே கையாள் வேலையில் ஒரு வாரக் கூலி கைக்கு வந்துவிட்டால், ஜூனில் அவனைத் திருப்பிக் கூட்டி வருவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே உள்ள பலருக்குத் தெரியும். பெண் பிள்ளை என்றால் வேறு பேச்சு ஆரம்பிக்கிறது. பஸ்ஸில் தனியாக எப்படி அனுப்புவது என்பார்கள், அடுத்த மாதமே சம்பந்தம் பேசுவார்கள். பதினெட்டுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சொல்லலாம் என்பதைச் சங்கத்தின் சார்பில் மறுபடியும் பதிவு செய்கிறேன்.

அதனால்தான், வழக்கமாக ஜூனில், பள்ளி திறந்த பிறகு நடத்தும் பெற்றோர் கூட்டத்தை இந்த வருடம் ஏப்ரலுக்கு மாற்றினோம். அதுவும் மாரியம்மன் பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்கு வரும் வாரத்தில். பண்டிகை நேரத்தில் கூட்டமா என்று செயற்குழுவிலேயே முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அப்பாக்கள் வந்து உட்கார்ந்த முதல் கூட்டம் இதுதான். எட்டாம் வகுப்பு ஆசிரியையும் கூட இருந்தார். ஜூனில் கூட்டம் போட்டால் அவர் கையில் வேறு பிள்ளைகள் இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டது: "பஸ் ஏத்தி வுட்டுடுவேன் சாமி, பொழுது சாஞ்சும் வரலைன்னா யாரைக் கேக்கறது?" நாங்கள் தயாரித்து வைத்திருந்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை. தலைமையாசிரியரிடம் பேசி, வகுப்பாசிரியர், ஊரில் ஒரு பொறுப்பாளர் இருவரின் செல்பேசி எண்ணையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தோம். இந்த ஆண்டு நாங்கள் செய்ததிலேயே செலவு குறைந்ததும் அதிகம் பயன்பட்டதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

காகித வேலை இந்த முறை ஓரளவு சுலபமாக முடிந்தது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரங்கள் உள்ள எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விட வேண்டும். அப்போதுதான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். சாதிச் சான்று இல்லாதவர்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனோம். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு பெயர், இன்ஷியல் மாறி இருப்பது என்பதெல்லாம் இப்போதே சரிசெய்ய வேண்டியவை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் மாற்ற அலைய வேண்டியிருக்கும். 15 வயதில் ஆதாருக்குக் கைரேகையும் கண் கருவிழியும் மறுபடி பதிய வேண்டும், அதுவும் ஒன்பது, பத்தில்தான் வரும்.

அடுத்தது, கூட்டத்தில் அதிக நேரம் பிடித்த விஷயம்: ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா? சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் விருப்பம், சங்கம் தலையிடாது. ஆனால் என்ன கை நழுவுகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நடுவில் இரண்டு வருடம் வெளியே போய், பதினொன்றில் திரும்பி வந்தால் கிடைக்காது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இப்படித்தான் கணக்குப் பார்க்கின்றன. ஆங்கில வழிப் பிரிவுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று: அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு, 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதித் தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வில் பாஸ் ஆனதும் பணம் தானாக வந்துவிடும் என்று நினைத்து இருந்துவிடுகிறோம். ஒன்பதில் சேர்ந்த பிறகு தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். தேர்வுக்குத் தயார் செய்தது நம் பள்ளி, விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டியது அடுத்த பள்ளி. நடுவில் விழுந்துவிடாமல் இருக்கத் தேறியவர்களின் பட்டியலை நாமே எழுதி உயர்நிலைப்பள்ளியில் கொடுத்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு வேறு இருக்கிறது, அதற்கும் ஊக்கத்தொகை உண்டு. அதை அவர்கள் பள்ளியே பார்த்துக்கொள்கிறது.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை உயர்நிலைப்பள்ளிக்குக் கூட்டிப்போனோம். ஆய்வுக்கூடத்தைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் திட்டம். பெண் பிள்ளைகள் முதலில் போய்ப் பார்த்தது கழிப்பறையை, தண்ணீர் வருகிறதா என்று. வருகிறது. நம் பள்ளியில் படித்து இப்போது அங்கே ஒன்பதில் இருப்பவர்கள் பேசியதைத்தான் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எட்டு வரைக்கும் எல்லோரும் பாஸ், இங்கே ஃபெயில் போடுவார்கள் என்று ஒருவன் பயமுறுத்த, கணக்கில் வகுத்தல் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டலாம் என்று இன்னொரு பெண் சமாதானம் சொன்னாள். அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மே மாதம் முழுக்க முன்னாள் மாணவர்கள் இருவர் கோயில் திண்ணையில் மாலையில் கணக்கும் தமிழ் வாசிப்பும் நடத்தினார்கள். பெங்களூர் போகாமல் சில பையன்கள் ஊரிலேயே தங்கியதற்கு அந்தத் திண்ணைதான் காரணம். வகுப்பு முடிந்ததும் நடந்த கிரிக்கெட்டும் காரணமாக இருக்கலாம்.

குறைகள். பஸ் முதல் குறை. சீருடை போட்ட கூட்டத்தைப் பார்த்தால் நிற்காமல் போகிறது. மனு கொடுத்த பிறகு காலையில் நிற்கிறது, மாலையில் இன்னும் சரியாகவில்லை. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான், ஒன்பதில் கிடையாது என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. இலவசச் சீருடை எட்டோடு நின்றுவிடுகிறது. துணி, தையல் கூலி என்று ஜூனில் திடீரென வரும் இந்தச் செலவைச் சமாளிக்க முடியாத வீடுகள் இருக்கின்றன.

ஆகவே பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டியவை: சீருடைக்கென்று தனி நிதி தொடங்குவதா, சந்தாவை உயர்த்தி அதிலிருந்து கொடுப்பதா, மாலை பஸ்ஸுக்கு மறுபடி மனு கொடுக்க யார் போவது, படிப்புதவித் தேர்வுப் பயிற்சியை ஆகஸ்டிலேயே ஆரம்பிப்பதா. சீருடை நிதிக்குப் பெயர் கொடுப்பவர்கள் பொருளாளரிடம் இன்றே கொடுக்கலாம். தையல் தெரிந்த அக்காமார் கூலி வாங்காமல் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துணி மட்டும் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்